மூன்று நட்சத்திரச் சூரியன்

நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு
மாடியறைச் சன்னலுக்கு நேரெதிரே சூரியன்.
"படத்தில் பார்த்த இருட்டு
அறையில் இல்லை" என்று எழுதியிருக்கிறார்
லீல் நகரத்து தெயோஃபில்.
மூன்று நட்சத்திரம்.

அன்புள்ள தெயோஃபில்,
எங்கள் தீவில் தங்கியதற்கு நன்றி.
ஜூனில் இங்கே சூரியன் படுப்பதில்லை.
சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

கடைசி வரியை அழித்தேன்.
கனத்த திரைச்சீலை வாங்குகிறோம் என்று எழுதினேன்.
வாங்கவும் வாங்கினேன்.
ஆயிரத்து நானூறு குரோன்.
இரண்டு திரைக்கும் நடுவே
ஒரு நூல் அகலம் விட்டுப்போயிருந்தது.
அந்த நூலைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து
அடுத்த விருந்தாளியின் இமைமேல்
உட்கார்ந்துகொண்டது.

உட்ரெக்டிலிருந்து வந்த பெட்ரோனெல்லா கேட்கிறார்,
கடற்காகங்களின் சத்தத்தைக்
கொஞ்சம் குறைக்கக்கூடாதா என்று.
சன்னல் விளிம்பில் மூன்று கூடுகள்.
முட்டை விழுந்தபின் கூட்டைத் தொடக்கூடாது, சட்டம்.
சட்டத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினேன்.
படித்தபோது காகங்களின் வக்கீல் மாதிரி இருந்தது.
காதில் செருகும் பஞ்சு மேசை இழுப்பறையில் இருக்கிறது
என்று முடித்தேன்.
(இல்லை. மறுநாள் கொண்டுபோய் வைத்தேன்.)

மூன்று இரவு கொட்டக்கொட்ட விழித்திருந்தும்
பச்சை ஒளி வானத்தில் வரவில்லையாம்
ஒசாகாத் தம்பதிக்கு.
அவர்களுக்கு மட்டும்
மன்னிப்பு கேட்கும்போது
எனக்கே வெட்கமாக இருந்தது,
வீட்டுக்கு வந்தவர்களுக்குச்
சோறு போடாமல் அனுப்பியதுபோல.

மே மாதம் எவனோ எழுதினான்:
"ஊரே நாறுகிறது."
சட்டங்களில் தொங்கும் கருவாடு அது,
எங்களுடையதும் அதில் உண்டு.
அந்த வாடைதான் இந்தக் கூரையைப் போட்டது
என்றான் குன்லெய்ஃப்.
பிறகு, அதை எழுதாதே என்றான்.
காற்று திசை மாறினால் சரியாகும் என்று
காற்றின் சார்பில் வாக்குக் கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒன்று வந்தது.
பெயர் இல்லை, எம் என்று ஓர் எழுத்து.
நான்கு நட்சத்திரம்.
"படுக்கை நன்று. காப்பி நன்று.
சுவருக்கு அந்தப் பக்கம்
இரவில் யாரோ அழுதார்கள்.
மற்றபடி சுத்தமான இடம்."

அவர் தங்கியது பிப்ரவரியில்.
குன்லெய்ஃப் அப்போது கடலில், மீன் பருவம்.
சுவருக்கு அந்தப் பக்கம்
நான்.

வழக்கம்போல அவன்தான் உரக்க வாசித்தான்,
கேலியாக ஏதாவது பதில் சொல்லத் தயாராக.
"அழுதார்கள்" வரை வந்து நிறுத்தினான்.
கோப்பையைக் கீழே வைத்தான்.
ஏன் என்று கேட்கவில்லை.
மத்தியானம் வண்டியில் போய்
சுவருக்குள் அடைக்கும் கம்பளிக் கட்டுகள்
பதினாறு வாங்கிவந்தான்.
பலகையைப் பெயர்த்து, அடைத்து, மறுபடி அறைந்து முடிக்க
இரவு ஆகிவிட்டது.
அதற்கப்புறம் சுவரின் இந்தப் பக்கம்
என் அருகில் வந்து உட்கார்ந்தான்.
இப்போது யாருக்கும் கேட்காது என்றான்.
சொல்லு.

அன்புள்ள எம்,
சுட்டிக்காட்டியதற்கு நன்றி.
சரிசெய்துவிட்டோம்.
அழிக்க அதில் ஒரு வரியும் இல்லை.

நேற்று பெர்கனிலிருந்து ஒரு குடும்பம் எழுதியது,
ஐந்து நட்சத்திரம்:
"காலையில் சமையலறைச் சன்னலில் திமிங்கிலம்!
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே பார்த்தோம்.
நன்றி, ஓஸ்லௌக்."

அந்தத் திமிங்கிலத்துக்கும் எனக்கும்
ஒட்டும் இல்லை உறவும் இல்லை.
அது வந்த நேரத்தில்
நான் கீழே துண்டு துவைத்துக்கொண்டிருந்தேன்,
வாலைக்கூடப் பார்க்கவில்லை.

விளக்கம் ஏதும் எழுதவில்லை.
உங்களுக்குப் பிடித்ததில் மகிழ்ச்சி
என்று எழுதி,
என் பெயரையும் முழுசாகப் போட்டேன்.